பதினான்காவது கோடு

நர்ஸாக இருந்த அக்கா, முழங்கை வரை சோப்புப் போடாமல் ஆஸ்துமாக்கார அம்மாவைத் தொடமாட்டாள். தனக்கே தொற்று வந்ததும் பதினான்கு நாள் கணக்கில் மாடி அறைக்குள் தாழிட்டுக்கொண்டாள். தினமும் சுவரில் ஒரு பென்சில் கோடு போட்டாள்.

நான் வாசலில் தட்டை வைத்தால், “உன் சமையலுக்கு இந்தக் காய்ச்சலே தேவலடி!” என்று உள்ளிருந்து சிரிப்பாள்.

ஒன்பது கோடுகளோடு ஆஸ்பத்திரிக்குப் போனவள் அங்கேயே இறந்துபோனாள்.

பூட்டிய அறையில் வருடத்துக்கு ஒரு கோடு கூடியது. நான் யாரிடமும் சொல்லவில்லை; வெள்ளையடிக்கவும் விடவில்லை.

இன்று காலை பூட்டு திறந்து கிடந்தது. உள்ளே போய் எண்ணினேன். பதினான்கு.

கீழே குழாய்ச் சத்தம் கேட்டது.

“யாரது, இவ்வளவு நேரமா கை கழுவுறது?” என்றாள் அம்மா.