மேடு ஏறாத அத்தை

"நானும் உன்கூட வந்து லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்று மாமியார் தாமரை சொன்ன அன்றைக்கே ஷாமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஐம்பத்தெட்டு வயதில் என்ன கார் ஆசை? மருமகள் ஒன்று செய்தால் தானும் செய்தாக வேண்டும். அந்தப் போட்டி இல்லாவிட்டால் அத்தைக்குத் தூக்கம் வராது. ஷாமினி இதைத் தோழிகளிடம் போனில் சொல்லிச் சொல்லி, கடைசியில் அவர்கள் குடியிருக்கும் செராஸில் பாதிப் பேர் அப்படித்தான் பேசினார்கள்.

ஷாமினிக்கு லைசென்ஸ் ஆசையில்லை, தேவை. நர்ஸ் படிப்பு முடித்தவள். டெங்கிலில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா, லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வா, வேலை உனக்குத்தான் என்றிருந்தார். ஷிஃப்ட் வேலை, அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கணவன் கிஷன் விடிவதற்குள் லோரியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். வீட்டு வாசலில் ஒரு பழைய மேனுவல் கார் சும்மாவே நின்றது.

எழுத்துப் பரீட்சையில் இருவரும் பாஸ். பழகுவதற்கான எல் லைசென்ஸும் கைக்கு வந்தது. ரோட்டில் ஓட்டியும் காட்டியாகிவிட்டது. வினை வந்தது புக்கிட்டில்தான்.

டிரைவிங் ஸ்கூல் மைதானத்தில் கட்டி வைத்திருக்கும் சின்ன மேடு அது. பாதி ஏறி, மஞ்சள் கோட்டில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிறகு பின்னால் உருளாமல் மேலே போக வேண்டும். உருண்டால் பெயில்.

முதல் தடவை ஷாமினியின் கார் உருண்டது. அழுதுகொண்டே வந்து கொட்டகையில் உட்கார்ந்தாள். அடுத்துப் போன அத்தையின் காரும் உருண்டது.

பொய் சொல்வானேன், ஷாமினிக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

நடுவில் பிரசவம், குழந்தை என்று நாள் ஓடிவிட்டது. இரண்டாவது தடவையும் அதே கதை. மூன்றாவது தடவை ஷாமினி பெயிலாகி வந்த பிறகு, அத்தையின் கார் அடிவாரம் வரைக்கும் உருண்டு வந்து நின்றது. டெஸ்டுக்குக் காத்திருந்த சின்ன வயசுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்கப்புறம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, "அக்கா, கார்ல வந்தீங்களா, உருண்டு வந்தீங்களா?" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். சபையே சிரித்தது. அத்தையும் சேர்ந்து சிரித்தார்.

இனிமேல் வரவே மாட்டேன் என்று ஷாமினி சொல்லிவிட்டாள்.

"எனக்கும்தான் வரல. அதுக்குன்னு விட்டுட முடியுமா? இன்னொரு தரம் போலாம் லா" என்றார் அத்தை.

தான் போகாமல் நின்று, இவர் மட்டும் பாஸாகிவிட்டால்? ஆயுசுக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாரே. அந்த ஒரு பயம்தான் ஷாமினியை மறுபடியும் மைதானத்துக்கு இழுத்து வந்தது.

இது கடைசி வாய்ப்பு. எல் லைசென்ஸைப் புதுப்பித்துப் புதுப்பித்து இரண்டு வருடம்தான் வைத்திருக்கலாம். இருவருக்குமே அந்தக் கெடு முடியப்போகிறது. அதற்குள் தேறாவிட்டால் வகுப்பு, எழுத்துப் பரீட்சை எல்லாம் முதலிலிருந்து. டாக்டரம்மாவும் இந்த மாதத்துக்கு மேல் இடம் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

ஷாமினி கிளட்சைப் பாதி விட்டாள். கார் நடுங்கியது. ஹேண்ட்பிரேக்கை இறக்கினாள். கார் மேலே போனது.

இறங்கி வந்தபோது கால் தரையில் நிற்கவில்லை. கார் பழக்கிவிட்ட சபாபதியை அங்கே எல்லோரும், வாத்தியார் என்ற பொருளில், சிக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். இனி இரண்டு வருடம் காரில் பி எழுத்தை ஒட்டிக்கொண்டு ஒழுங்காக ஓட்டு, அப்புறம் முழு லைசென்ஸ் என்று அவர் சொன்னது அவள் காதில் பாதிதான் விழுந்தது.

அதற்குள் அத்தையின் கார் மேட்டில் ஏறியிருந்தது. கோட்டில் நின்றது. பிறகு, மேலிருந்து யாரோ கை கொடுத்துத் தூக்கியது போல, ஒரு இம்மிகூடப் பின்னால் வராமல் ஏறிப் போனது.

ஷாமினியால் நம்ப முடியவில்லை. சபாபதி மட்டும் ஆச்சரியப்படவில்லை.

"பழகுறப்போ அவங்க ஒரு நாளும் உருண்டதில்ல மா. டெஸ்ட் அன்னிக்கு நீ எறங்கி வர்றத பாப்பாங்க, அப்புறம்தான் போவாங்க. நீ பெயில்னா, அவங்களே காரை உருள விட்டுடுவாங்க. ஏன்னு கேட்டதுக்கு, பேசாம இருங்க சிக்குன்னுட்டாங்க."

ஷாமினி மேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னிக்கு நான் பெயிலாகியிருந்தா?"

"அவங்களும் பெயில்தான். மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்க, அடுத்த வகுப்புக்கு ரெண்டு பேர் பேரையும் சொல்லி வச்சிருக்காங்க."

ஒரு மனுஷி இப்படியும் இருக்க முடியுமா? தூரத்தில் அத்தை காரை விட்டு இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காதது போல நடந்து வந்துகொண்டிருந்தார். ஷாமினி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அத்தை இப்படி செஞ்சீங்க? எல்லாரும் உங்களப் பாத்து சிரிச்சாங்களே."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க மா" என்றார் தாமரை. "நானும் பெயிலுன்னு தெரிஞ்ச பெறகுதானே ஒவ்வொரு தரமும் நீ ஒரு வாய் சோறு சாப்பிட்ட. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."