உரக்கடை மேல் வீடு

கலியம்மாளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அரியலூர் கடைத்தெரு முழுக்க ஒரே பேச்சு.

பின்னே என்ன? நட்டநடுத் தெருவில் இருக்கும் தன் மாடி வீட்டை, காலனிக்கார அரியமுத்துவுக்கு விற்கப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

வீடு என்றால் மாளிகை இல்லை. காசிநாதனின் உரக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை, மூலையில் அடுப்படி. கொஞ்சம் உயரமான ஆள் நிமிர்ந்தால் தலை உத்தரத்தில் இடிக்கும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் போதும், கடைத்தெரு முழுக்க உள்ளே வந்துவிடும். பஸ் சத்தம், பூக்காரி கூச்சல், கல்யாண ஊர்வலம் எல்லாம் இலவசம். புருஷன் போன பிறகு அந்த ஜன்னலை வைத்தே கலியம்மாள் காலத்தை ஓட்டிவிட்டாள். இப்போது ஜெயங்கொண்டத்தில் இருக்கும் மகள், தனியாகக் கிடந்தது போதும், வந்துவிடு என்று கூப்பிடுகிறாள்.

அரியமுத்து சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவன். அவன் மனைவி பொன்னாயி தையல்காரி. தையல் சுத்தமாக இருக்கும் என்று பெயர். ஆனாலும் துணி தைக்கக் காலனிக்கு எந்த டவுன் பெண்ணும் வருவதில்லை. கடைத்தெருவில் ஓர் இடம் கிடைத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள். இந்த வீட்டை விட்டால் வேறு வீடு கிடையாது. தெருவில் வேறு யாரும் அவர்களுக்கு விற்கப்போவதில்லை.

சேதி கேட்டதும் காசிநாதன் படியேறி வந்துவிட்டான். கலியம்மாளுக்குத் தம்பி முறை. சொல்வதற்கெல்லாம் தலையாட்ட அரிசிக்கடை ராசாங்கத்தையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

"அக்கா, நீ செய்யறது உனக்கே நல்லா இருக்கா? கீழ நான் சாமி படத்துக்கு சாம்பிராணி போடுறேன். என் தலைக்கு மேல அவங்க நடமாடணுமா?"

கலியம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"உன் கடையில உர மூட்டை எறக்குறது யாருடா?"

காசிநாதன் ராசாங்கத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அவங்க தலையில உன் மூட்டை ஏறலாம். உன் தலைக்கு மேல அவங்க கால் நடக்கக் கூடாதா?"

ராசாங்கம் பழக்கதோஷத்தில் இதற்கும் தலையாட்டப் போய், சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

காசிநாதன் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தான். கலியம்மாள் மசியவில்லை. யாராவது செய்யாதே என்று சொன்னால் அதைச் செய்து முடித்துவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை. கடைசியில் மிரட்டலில் இறங்கினான். உன் பேத்தி காதுகுத்துக்கு சொந்தக்காரன் ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டான் என்றான்.

"வராட்டி போங்க. சோறு மிச்சம்" என்றாள் கலியம்மாள்.

அதற்குப் பிறகு குழாயடியில் அவள் தலையைக் கண்டதும் பேச்சு நின்றது. எதிர்வீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கலியம்மாளுக்கு வலிக்கத்தான் செய்தது. வாழ வந்த நாளிலிருந்து பழகிய தெரு அல்லவா? ஆனாலும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே நடுத்தெருவில் மெதுவாக நடந்துபோனாள். அந்தத் துணிச்சலுக்கு அவளை மெச்சத்தான் வேண்டும்.

அரியமுத்துவே பயந்துபோனான். எங்களால உங்களுக்கு எதுக்கும்மா பொல்லாப்பு, வேண்டாம் விட்டுடுங்க என்று வந்து நின்றான். அவனுக்கும் ஓர் அதட்டல் விழுந்தது.

"என் வூடு, என் இஷ்டம். நீ வாங்குறியா, இல்லியா?"

வாங்கினான். பத்திரம் பதிந்தாயிற்று. கலியம்மாளின் சாமான்கள் ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை காலை அரியமுத்துவும் பொன்னாயியும் வந்தார்கள். கடைத்தெரு வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது. காசிநாதன் கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கலியம்மாள் மாடி வாசலிலிருந்து தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"வா பொன்னாயி, ஏறி வா. இனிமே இது உன் வூடு. எவன் என்ன கேக்குறான்னு பாக்குறேன்."

இருவரும் படியேறி அவள் எதிரில் வந்து நின்றார்கள். கலியம்மாள் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்தாள். அரியமுத்து இரண்டு கைகளையும் ஏந்தினான்.

கலியம்மாள் குனிந்து, சாவியை வாசற்படியில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

யோசித்துச் செய்ததல்ல. கீழப்பழுவூரில் அவள் பிறந்த வீட்டில், வயல் வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலி கொடுப்பது அப்படித்தான். கை தன் பழக்கத்தைச் செய்துவிட்டது. அரியமுத்துவின் முதுகும் தன் பழக்கத்துக்கு வளைந்தது.

பொன்னாயி அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எடுக்காதீங்க."

பிறகு கலியம்மாளிடம் தன் கையை நீட்டினாள்.

"கையில குடுங்கம்மா."

கலியம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. படியில் கிடந்த சாவியைப் பார்த்தாள். விளங்கியதும் முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு செய்தேனே, என்னிடமே இந்தப் பேச்சா என்று கோபமும் வந்தது. பொன்னாயி நீட்டிய கையை மடக்குவதாக இல்லை.

கலியம்மாள் மறுபடி குனிந்து சாவியை எடுத்தாள். ஓர் அடி முன்னால் வந்து அந்தக் கையில் வைத்தாள். விரலோடு விரல் பட்டது.

"இப்பத்தாம்மா வித்திருக்கீங்க" என்றாள் பொன்னாயி.