துப்புவதற்கு ஒரு கப்

"முழுங்காதீங்கம்மா! துப்பத்தானே பக்கத்துலயே கப் வெச்சிருக்கு?"

பிஸ்கட் தொழிற்சாலையின் சுவை பார்க்கும் அறையில் உற்பத்தி மேலாளர் சீறினார். மற்றவர்கள் மென்றதைக் காகிதக் கப்பில் நாசூக்காகத் துப்பிவிட்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

விழுங்கியவர் ஒருவர்தான். அந்த அறையிலேயே பெருத்த உடம்பு அவருடையது. தொழிற்சாலை முழுவதற்கும் அவர் 'அக்கா'.

"கடையில வாங்கித் திங்கிறவங்க துப்புறாங்களா சார்? முழுங்கினாத்தானே அடுத்ததுக்குக் கை போகுதான்னு தெரியும்?"

"போகுதா?"

"நிக்கவே மாட்டேங்குது. சர்க்கரையை எடுத்தாச்சுன்னு சொன்னீங்க, பழசைவிடத் தித்திக்குதே!"

"சோளப்பாகு ஊத்தியிருக்கோம். 'சர்க்கரை சேர்க்கவில்லை'ன்னுதானே அட்டையில போட்டிருக்கு? அதுல என்ன பொய்?"

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முதல்ல உங்க வாயைக் கட்டுங்க, உடம்பு தானா இறங்கும். நாளைக்கு இங்க உடல் பருமன் ஒழிப்பு விழா. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வர்றாங்க. நீங்க கேமரா பக்கம் வந்துடாதீங்க, புண்ணியமாப் போகும். பின்னாடி நின்னு தண்ணி ஊத்திக் கொடுங்க."

யாரோ கப்புக்குள்ளேயே களுக்கென்று சிரித்தார்கள்.

"விழா முடிஞ்சதும் மறுபடி இந்த அறைதானே சார்?"

"இங்க இனி இடமில்ல. நாளைக்கு வாயைத் திறக்காம இருந்தீங்கன்னா பேக்கிங்ல போடுறேன். இல்லேன்னா வீட்டுக்குப் போகலாம்."

அக்கா தலையசைத்தார். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

மறுநாள் மேலாளர் மேடையில் உருகினார். "இந்தக் குழந்தைகள் அனைவரும் என் குழந்தைகள்! இவர்களின் ஆரோக்கியமே எங்கள் லாபம்!"

கைதட்டல் எழுந்தது. புதிய பிஸ்கட் தட்டுகள் வரிசை வரிசையாக நகர்ந்தன. பிள்ளைகள் இரண்டு கைகளாலும் அள்ளினார்கள். மூலையில் தண்ணீர்க் கேனுக்குப் பக்கத்தில், கப் அடுக்கும் கையுமாக அக்கா பேசாமல் நின்றார்.

திடீரென்று மேலாளர் மேடையிலிருந்து குதித்தார். கடைசி வரிசைக்கு ஓடி, ஒரு சிறுமியின் தாடையைப் பிடித்தார்.

"பாப்பா! துப்பு! முழுங்கிடாத கண்ணு! இதையெல்லாம் தொடவே கூடாதுன்னு அப்பா வீட்டுல எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

மகளின் வாய்க்கடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டே கத்தினார். "யாராவது ஒரு கப் கொண்டு வாங்கப்பா!"

அக்கா நிதானமாக நடந்து வந்து ஒரு கப்பை நீட்டினார். சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் மென்றுகொண்டிருந்தார்கள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

கையில் மீதியிருந்த அடுக்கைத் தூக்கிக் காட்டி, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி அக்கா வாயைத் திறந்தார்.

"உங்க மத்தக் குழந்தைங்களுக்கும் கப் இருக்கு சார். குடுத்துடவா?"