காணாமல் போன ஸ்பூன்

மகள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பையன் முதல் முறையாக வீட்டுக்கு வந்துபோன கையோடு, அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

“ஏன்டி, அவன் காபி கலக்கின ஸ்பூனைக் காணோமே!”

“எங்கயாவது கீழ விழுந்திருக்கும்மா.”

“சோபாவுக்கு அடியில வரைக்கும் தேடிட்டேன். பாதிக் காபியை வச்சிட்டு, முகமெல்லாம் வேர்த்து, விழுந்தடிச்சு ஓடினானே, அப்பவே நினைச்சேன். கை சுத்தமில்லாதவனுக்கு உன்னைக் குடுக்க மாட்டேன்!”

மகள் அழத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்துப் பள்ளியிலிருந்து வந்தார் அப்பா. அவர் வேதியியல் ஆசிரியர். விஷயத்தைக் கேட்டதும் அலமாரியைத் துழாவினார்.

“இங்க ஒரு ஸ்பூன் வச்சிருந்தேனே?”

“பளபளன்னு புதுசா இருக்கேன்னு அதைத்தான் போட்டுக் குடுத்தேன்.”

அப்பா மிச்சக் காபியை மெல்லக் கொட்டினார். கப்பின் அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு பெரிய துளி உருண்டது.

“பசங்களுக்குக் காட்ட நானே வார்த்த ஸ்பூன். தனிம அட்டவணையில அலுமினியத்துக்கு நேர் கீழ இருக்கிற உலோகம். பார்க்க ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அலுமினியம் உருக அறுநூத்தறுபது டிகிரி வேணும், இதுக்கு முப்பதே போதும். பேரு காலியம்.”

“அதான் காலியாயிடுச்சா!” அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் அந்தப் பையன், கையில் ஒரு டஜன் ஸ்பூன் பெட்டியோடு நின்றான்.

“ஆன்ட்டி, கலக்கிட்டே இருந்தேன், ஸ்பூன் மாயமாயிடுச்சு. சொன்னா யாரு நம்புவா? அதான் வாங்கிட்டு வந்துட்டேன்.”

அம்மா கதவை அகலத் திறந்தாள்.

“வேற காபி போடறேன். உள்ள வாங்க, மாப்பிள்ளை!”