தபால் பைக்குக் குடை

காலை ஆறு மணிக்கு அவன் பால் காய்ச்சினான். மனைவி அவனுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டாள். வாக்குப்பதிவு நாளிலும் அந்த வேலைகள் மாறவில்லை.

"இன்னிக்காவது மனசு மாறுமா?" என்று கேட்டான்.

"மாறாது. என் ஓட்டு தபால்காரம்மாவுக்குத்தான்."

"கட்சி இல்லை, கொடி இல்லை. சைக்கிள்ல தனியா வந்து ஓட்டுக் கேக்குறாங்க. அவங்களுக்கா?"

"வேலையில இருந்தப்ப, மழை பேஞ்சா குடையைத் தபால் பைக்குப் பிடிச்சுக்கிட்டு, தான் நனைஞ்சு வருவாங்க. உங்க கட்சியில யாராவது அப்படி நனைவாங்களா? எதிர்க்கட்சியில இருக்கற எங்கப்பாவே இந்தத் தடவை அவங்களுக்குத்தான் போடறாராம்."

"ஒரே ஓட்டுல முடிவு மாறிப்போச்சுன்னா?"

"மாறட்டுமே. சட்டையைப் போடுங்க."

வாக்குச் சாவடி வாசலில் புகைப்படக்காரர்கள் இருவரையும் சூழ்ந்துகொண்டார்கள்.

"வேட்பாளர் சார், இப்படிப் பாருங்க!"

மைக்கை நீட்டிய ஒருவர், "வீட்டு ஓட்டு உறுதிதானே சார்?" என்றார்.

"அதுல என்ன சந்தேகம்?" என்றான் அவன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மறைப்புக்குள் போனதும், பட்டியலில் தன் பெயருக்குக் கீழே தபால்காரம்மாவின் பெயரைப் பார்த்தான். அவன் வெளியே வரச் சற்று நேரமாயிற்று.

வீடு திரும்பும் வழியில், "நீ ஜெயிச்சுட்டே," என்றான் மெதுவாக. "உள்ளே போனதும் அந்தக் குடை ஞாபகம் வந்துடுச்சு. நானும் அவங்களுக்கே போட்டுட்டேன்."

அவள் நடுத்தெருவில் நின்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அடக் கடவுளே! உங்க மூஞ்சியைப் பார்த்தா பாவமா இருந்துச்சுன்னு நான் உங்களுக்குல்ல போட்டுத் தொலைச்சேன்!"