மொட்டைச் சுவர்

பல நாட்டுக்காரர்கள் கூடி இலவசமாக உருவாக்கிய ஓவிய மென்பொருளின் புதிய பதிப்பு அன்று மாலை ஏழு மணிக்கு வெளியாவதாக இருந்தது. அதைக் கொண்டாடத்தான் ப்ளோவ்டிவ் நகர நூலக அரங்கில் விழா. ஏற்பாடு முழுக்க இல்கோவுடையது. பனீட்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத் தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்தபோது, போனைப் பார்த்த அவன் தோழி கலினா கத்தினாள்.

"போச்சு! வெளியீட்டை நிறுத்திட்டாங்க. மத்தியானம் எவனோ பிழை இருக்குன்னு புகார் போட்டிருக்கான்."

"என்ன பிழையாம்?" கேக் வெட்டக் கத்தி தேடிக்கொண்டே கேட்டான் இல்கோ.

"பெரிய படமா வரைஞ்சு சேமிச்சா, அழிஞ்சுபோகுதாம். அந்த மகராசன் இதை நாளைக்குச் சொல்லியிருந்தா குடியா முழுகிப்போயிருக்கும்? ஒரு மாசமா நாயா அலைஞ்சியே, உனக்குக் கோபமே வரலையா?"

"சொல்லாம விட்டிருந்தா ஊர்ப்பட்ட பேரோட படம் அழிஞ்சிருக்குமே."

"வந்துட்டாரு பெரிய நியாயஸ்தர்! அது கிடக்கட்டும், மேடைக்குப் பின்னால சுவர் மொட்டையா நிக்குது. நீ வரையறேன்னு சொன்ன பேனர் எங்கே?"

இல்கோ கேக்கை வெட்டி, முதல் துண்டை அவளிடம் நீட்டினான்.

"வரைஞ்சேனே. வெளிவரப்போற பதிப்பை முன்னாடியே சோதிக்கக் கொடுத்திருந்தாங்க, அதுலதான் வரைஞ்சேன். மத்தியானம் சேமிச்சேன்."