மூன்றாவது கட்டம்

பூட்டிய நூலகத்தை ஒட்டி மஞ்சள் பள்ளிப் பேருந்து நிற்கிறது. நூலகத்தின் இலவச வைஃபை சுவரைத் தாண்டி ஓட்டுநர் இருக்கை வரைக்கும்தான் எட்டும். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வந்த லொரெட்டா, ஸ்டியரிங்கில் மடிக்கணினியைச் சாய்த்துப் புள்ளியியல் வகுப்பைத் திறக்கிறாள். கண்ணாடியில் பனி உருகி வழிகிறது. இணையத்தில் நடக்கும் இலவச வகுப்பு. வீட்டுப்பாடத்தை வாத்தியார் திருத்துவதில்லை, கூடப் படிப்பவர்கள் மூன்று பேர் மதிப்பெண் போட்டால்தான் தேறலாம். இரண்டு பேர் போட்டுவிட்டார்கள். மூன்றாவது கட்டம் பதினொரு நாளாகக் காலி. இன்னொரு பேருந்தின் ஓட்டுநர் வெர்னன் காபியோடு படியேறி வருகிறான். “இன்னுமா அந்த ஓசிப் படிப்பு? எத்தன பேரு சேந்தீங்க?” “நாப்பதாயிரம்.” “இப்ப?” “என்னையும் சேத்து மூணு.” அவன் சிரிக்கிற சிரிப்பில் காபி தளும்புகிறது. அவள் சிரிக்கவில்லை, காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் தொண்டையைச் செருமுகிறான். “சரி, குடு. நான் போடறேன் மார்க்கு.” “அதுக்கு நீயும் ஆறு பாடம் முடிச்சிருக்கணும்.” “ஐயோ சாமி!” லொரெட்டா எட்டி, முன்வரிசையில் கிடக்கும் தன் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொள்கிறாள். “மொதப் பாடம் பன்னண்டு நிமிஷந்தான். உக்காரு வெர்னன், நான் காத்திருக்கேன்.”